புரட்டாமல் விட்ட தாள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது ஸ்கேல் சார் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். இன்னும் இறங்கவில்லை.

கையில் நீளமான ஒரு தகரக் குழாய். அதைப் பரணில், பழைய தலையணைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்தார். அதற்குள் மகள் அறைக்குள் வந்துவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"பல்பு மாத்துறேன்."

"பல்பு அந்தப் பக்கம் இருக்கு."

ஸ்கேல் சார் அந்தப் பக்கம் பார்த்தார். இருந்தது. நன்றாக எரிந்துகொண்டும் இருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நகரத்தின் ஓரத்தில் கிடந்த பொட்டல் வெளியில் கோடு போட்டு இந்தக் குடியிருப்பைக் கட்டினார்கள். எல்லாமே திட்டப்படி. பன்னிரண்டு தெரு, ஒரே அகலம். தெருவுக்கு நாற்பத்து நாலு வீடு, வீட்டுக்கு ஒரு மரம், அதுவும் எல்லாம் ஒரே மரம். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பூங்கா, பூங்காவில் சிலைக்கு ஒரு பீடம். பீடம் வந்தது, சிலை வரவில்லை. யாருடைய சிலை வரவேண்டியிருந்தது என்ற சண்டை மட்டும் இன்றுவரை ஓயவில்லை. கடைத்தெருவில் கடிகாரக் கோபுரம் வந்தது, கடிகாரம் வரவில்லை. அதற்காக விட்ட வட்ட ஓட்டையில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன.

இவ்வளவு ஒழுங்குக்கு நடுவே ஒரு வரிசை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறாம் தெருவின் வடக்கு வரிசை, இருபத்திரண்டு வீடுகள். ஊரில் எல்லா வீட்டுக்கும் வாசல் தெருவில் இருக்கும், அடுப்படி பின்னால் இருக்கும். இந்த இருபத்திரண்டுக்கு அடுப்படி தெருவில். வாசல் பின்னால், குப்பை வண்டி வருவதற்காக விட்ட சந்தில்.

இதற்கு நலச்சங்கத் தலைவர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் மைக் சார் என்பார்கள். கொடுத்த மைக்கை அவரிடமிருந்து திரும்ப வாங்கியவர் எவரும் இல்லை. "சமைத்துக்கொண்டே தெருவைக் கவனிக்கட்டும் என்று அன்றே ஒரு மேதை தொலைநோக்கோடு சிந்தித்திருக்கிறார்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லி, அது இப்போது சரித்திரமாகவே ஆகிவிட்டது.

அந்த மேதை நம் ஸ்கேல் சார்தான். அவர் சிந்திக்கவில்லை என்பதுதான் கதை.

ஸ்கேல் சார் அந்தக் காலத்தில் இந்தக் குடியிருப்பைக் கட்டிய அலுவலகத்தில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஓய்வு பெற்ற பின்னும் சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்கேல் இல்லாமல் வெளியே போகமாட்டார். மகளோ அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஓட்டலுக்குப் போனால் சாப்பாடு வருவதற்குள் மெனு அட்டையில் பேனா வைத்துவிடுவாள். குடியிருப்பின் நாற்பதாம் ஆண்டு மலரைத் தொகுக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. சங்க அலுவலகத்தின் பின்னறையில் அவள் தோண்டி எடுத்து வந்ததுதான் அந்தத் தகரக் குழாய். உள்ளே ஆறாம் தெருவின் அசல் வரைபடம்.

"இறங்குங்கப்பா," என்றாள். "எனக்கு நேத்தே தெரியும்."

"என்ன தெரியும்?"

"படத்தோட மூலையில 'வரைந்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இருக்கிற கையெழுத்து என் ரேங்க் கார்டு எல்லாத்துலயும் இருக்கு."

ஸ்கேல் சார் இறங்கினார். இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நிஜமாவே யோசிச்சுத்தான் வரைஞ்சீங்களா?"

"ஒரு வீட்டோட மாதிரிப் படம் இருக்கும்மா, மெல்லிசுத் தாள்ல. அதைத் தெருவோட ஒரு பக்கம் நகர்த்தி நகர்த்தி வச்சு நகல் எடுப்போம். ஒரு வரிசை முடிஞ்சதும் அதே தாளைப் புரட்டிப் போட்டு எதிர் வரிசையை வரையணும். புரட்டினாத்தான் ரெண்டு பக்கமும் வாசல் தெருவைப் பார்க்கும்."

"நீங்க புரட்டலை."

"புரட்டலை."

"ஏன்?"

"அதைக் கேக்காதே."

மகள் கையிலிருந்த தாள்களைப் புரட்டி முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்தாள். 'ஆறாம் தெரு: ஒரு மேதையின் தொலைநோக்கு.' எழுதியவர் மைக் சார்.

"இன்னைக்கு நாலு மணிக்கு இது பிரஸ்ஸுக்குப் போகணும். தப்புன்னு தெரிஞ்சு ஒரு எழுத்தைக்கூட நான் விடமாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆனா அம்மா இதை அச்சுல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நாலு மணிக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

ஸ்கேல் சார் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேலைக்காகப் பயந்த காலம் என்றோ முடிந்துவிட்டது. இப்போது யாரும் அவரை எதுவும் செய்ய முடியாது. அவர் பயந்ததெல்லாம் தன் மனைவிக்கு மட்டும்தான்.

தெருவில் அவருக்கு ஜன்னலக்கா என்று பெயர். முப்பத்தெட்டு வருஷமாக அந்த அடுப்படி ஜன்னலில் நிற்கிறார். முப்பத்தெட்டு வருஷமாக, தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும், அடுப்படியைத் தெருவில் வைத்த முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டுகிறார். பின்னே என்ன. இவர் வீட்டில் என்ன வெந்தாலும் தெருவுக்குத் தெரியும், என்ன தீய்ந்தாலும் தெருவுக்குத் தெரியும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "உப்பு கொஞ்சம் கம்மியோ அக்கா, வாசனையே சொல்லுதே," என்றுவிட்டுப் போவார்கள்.

திட்டுவதிலும் ஜன்னலக்கா சிக்கனம் பார்ப்பதில்லை. அவன் வீட்டுப் பால் தினமும் பொங்கி வழியட்டும் என்பார், பால் பொங்கும், இவரே துடைப்பார். அவன் சட்டையில் எப்போதும் ஒரு பட்டன் குறையட்டும் என்பார், குறையும், இவரே தைப்பார். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் ஒரு பெருமூச்சோடு, "அவனைக் கட்டிக்கிட்டவ எவளோ, என்ன பாடு படுறாளோ பாவம்," என்பார்.

ஸ்கேல் சார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். இந்தத் தெருவில் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர் என்று அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. காரணம் இதுதான்.

---

அன்றைக்குப் பார்த்து ஜன்னலக்கா பரபரப்பாக இருந்தார். பதினொரு மணிக்கு நகரமைப்புக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வருகிறார். பாதுகாக்கத் தகுந்த தெருக்கள் என்று அவர் ஒரு பட்டியல் தயாரிக்கிறாராம். ஆறாம் தெருவை அதில் எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று மைக் சார் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. காட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஜன்னலக்காவின் அடுப்படியை.

எட்டரை மணிக்கு ஸ்கேல் சார் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்துக் கொடுத்தார். அது இல்லை, பக்கத்து டப்பா. அதையும் எடுத்துக் கொடுத்தார். அதற்குள் ஜன்னலில் தபால்காரர் வந்துவிட்டார். வாசலுக்குச் சுற்றிப் போக எந்தத் தபால்காரர்தான் சம்மதிப்பார். ஜன்னலக்கா தபாலை வாங்கிக்கொண்டு, அவர் மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, முழங்காலுக்கு என்ன தைலம் நல்லது என்று சொல்லி அனுப்புவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு மறுபடி வந்தார். இந்த முறை எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார், தெருவுக்கு அந்தப் பக்கம் தன் வாசலிலேயே நின்றபடி குரல் கொடுத்தார். "அக்கா, என்ன வெங்காயம் ரொம்பச் சிவக்குதே."

"சிவந்தாத்தான் ருசி சார். நீங்க கணக்கைப் பாருங்க."

ஒன்பதரைக்கு ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. ஸ்கேல் சார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் அன்னைக்குப் புரட்டாம விட்டுட்டேன்," என்றார் ஒரே மூச்சில்.

ஜன்னலக்கா அடுப்பில் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தார். "புரட்டாம விட்டா அடி பிடிக்காம என்ன செய்யும். தள்ளுங்க," என்று கரண்டியை நீட்டிப் புரட்டினார். "என்னைக்கு நீங்க அடுப்புப் பக்கம் வந்தீங்க? நான் இல்லாதப்போவா?"

ஸ்கேல் சார் திரும்பி நடந்தார். கூடத்தில் மகள் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். ஆம்லெட்டுக்குப் போயிடுச்சு."

---

பதினொரு மணிக்குப் பின்சந்து வழியாக மைக் சார் வந்தார். தோளில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, கையில் மைக். கேட்க இருந்தது ஒரே ஒரு பேராசிரியை, அவரும் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். குப்பைத் தொட்டிகளை மறைக்கப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பேராசிரியை பூந்தொட்டியை விலக்கிக் குப்பைத் தொட்டியைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அதிகம் பேசாத அம்மாள். நேரே அடுப்படிக்குள் வந்து, அடுப்புக்கு முன்னால் ஜன்னலக்கா நிற்கிற இடத்தில் நின்று, தெருவைப் பார்த்தார்.

"இங்கே நிக்கிறது எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார்.

மைக் சார் மைக்கை வாயிலிருந்து இறக்கினார். ஜன்னலக்காவின் காலை நேரப் பாராயணம் தெரு முழுக்கப் பிரசித்தம். மகள் தாளை மடியில் போட்டுக்கொண்டாள். ஸ்கேல் சார் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"முதல் பத்து வருஷம் இந்த ஜன்னலை நான் திட்டாத நாள் இல்லை," என்று ஆரம்பித்தார் ஜன்னலக்கா.

"முதல் பத்தாம்," என்று மகள் முணுமுணுத்தாள்.

"நாங்க குடிவந்தப்போ தெருவுல விளக்குகூடக் கிடையாதுங்க. யாருக்கும் யாரையும் தெரியாது. எதிர் வரிசைக்காரங்க கதவைச் சாத்திட்டு உள்ளே இருந்துப்பாங்க. எங்களுக்கு அதுக்கு வழியில்லை. தாளிச்சா ஜன்னலைத் திறந்துதானே ஆகணும். திறந்தா எதிர்ல ஆள் நிக்கும். ஆளைப் பார்த்தா பேசாம எப்படி இருக்கிறது. அப்படித்தான் இந்தத் தெரு ஒண்ணுக்கொண்ணு பேச ஆரம்பிச்சுது."

பேராசிரியை எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாம் வீட்டுப் பொண்ணுக்குப் பிரசவ வலி வந்தப்போ அது கத்தலை, யாரையும் கூப்பிடலை. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நிக்கிற நிலையைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இதோ, இவ சைக்கிள் கத்துக்கிட்டதும் இந்த ஜன்னல்ல நான் பார்க்கப் பார்க்கத்தான். அப்புறம் எதிர்வீட்டு வாத்தியார். தினம் ஆறரைக்குத் திரையை விலக்குவார். ஒருநாள் ஏழாச்சு, விலக்கலை. அடுப்பை அணைச்சுட்டு ஓடினேன். கதவை உடைச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா ஆள் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. இப்பவும் நல்லாத்தான் இருக்கார். என் வெங்காயத்துல குத்தம் சொல்ற அளவுக்கு நல்லா இருக்கார்."

ஜன்னலக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"யார் வீட்டுல விளக்கு எரியலைன்னு பார்க்க ஒரு ஆள் வேணும்ங்க. இந்தத் தெருவுக்கு இருபத்திரண்டு பேர் இருந்தோம். இதை யோசிச்சு வரைஞ்ச மனுஷன் யாரோ தெரியலை. நேர்ல பார்த்தா ஒரு நன்றி சொல்லுவேன்."

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, "நான்தான்," என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்கேல் சார் வெளியே வந்தார். தான் பேசிவிட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் திட்டுக்கு அசையாத மனுஷன், ஒரு நன்றியில் விழுந்துவிட்டார்.

"சும்மா இருங்க," என்றார் ஜன்னலக்கா, சங்கடத்தோடு. "வந்தவங்க முன்னாடி விளையாடிக்கிட்டு."

"அப்பாதாம்மா," என்றாள் மகள். "படத்துல கையெழுத்து இருக்கு. நான் பார்த்தேன்."

ஜன்னலக்கா மகளைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். மகள் விளையாட்டுக்குக்கூடத் தப்பான தகவல் சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. கல்யாணமான புதிதில் ஸ்கேல் சார் காம்பஸ் இல்லாமல் ஒரே இழுப்பில் வட்டம் போட்டுக் காட்டுவார். அன்றைக்குப் பார்த்த பார்வை அது. அதற்குப் பிறகு ஸ்கேல் சார் அந்தப் பார்வையைக் கண்டதில்லை.

"நீங்களா வரைஞ்சீங்க?" பேராசிரியை நோட்டைத் திறந்தார். "எல்லா வீடும் தெருவைப் பார்க்கிறப்போ இந்த வரிசையை மட்டும் திருப்பணும்னு எப்படித் தோணுச்சு? என்ன நினைச்சு வரைஞ்சீங்க?"

வாசகர்களே, இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நமக்குத் தெரியும். பதில் தயாராக இருந்தது. மைக் சார் பத்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிப் பழக்கியும் வைத்திருந்தார். தொலைநோக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பட்டியலில் தெரு ஏறிவிடும், மலரில் பெயர் ஏறிவிடும், மனைவியின் அந்தப் பார்வை இன்னும் பத்து வருஷத்துக்காவது நிற்கும்.

ஸ்கேல் சார் சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை ஒருதரம் தொட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் நினைக்கலைங்க," என்றார். "ஒரு வரிசை வரைஞ்சு முடிச்சேன். தாளைப் புரட்டி வைக்கணும். அப்போ சாப்பாட்டு மணி அடிச்சுது. பசி. சாப்பிட்டு வந்து உட்கார்ந்தப்போ, போறதுக்கு முன்னாடியே புரட்டிட்டோம்னு நினைச்சுக்கிட்டு வரைஞ்சுட்டேன். அவ்வளவுதான்."

மைக் சாரின் பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அவர் பதறித் திரும்பியதில் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"மேடம், சார் எப்பவும் தமாஷாத்தான் பேசுவார்," என்றார் மைக்கிலேயே.

"வரைஞ்சா யாராவது சரிபார்ப்பாங்களே. அவங்களும் கவனிக்கலையா?" என்று பேராசிரியை கேட்டார்.

"மேடம், பூங்காவுக்கு நேரமாச்சு. பீடத்து மேல வெயில் வந்துட்டா படம் சரியா விழாது," என்று மைக் சார் அவரை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு போனார். பின்சந்து முனை வரை அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஆறாம் தெரு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜன்னலக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். ஜன்னலையும் சாத்தினார்.

---

அந்த ஜன்னல் பகலில் சாத்தியிருந்ததைத் தெரு பார்த்ததே இல்லை. கணக்கு வாத்தியார் இரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் தட்டில் சோறு வந்தது. கூட உட்கார ஆள் வரவில்லை. ஸ்கேல் சார் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் சாப்பிட்டார். ஒரு திட்டு விழுந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் திட்டுக்கு ஏங்கியது அன்றைக்குத்தான்.

மூன்றரை மணிக்குப் பின்சந்து வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலக்கா வந்து அதே படியில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா நான் திட்டினது எல்லாம் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"ஒருநாள்கூடப் பதில் பேசலையே."

"நியாயமாத்தானே திட்டின."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அஸ்திவாரம் போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கிட்ட ஓடினேன். வெளியே தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும், வாயை மூடிக்கோன்னார். மூடிக்கிட்டேன். அப்புறம் பார்த்தா குலுக்கல்ல நமக்கு விழுந்ததே இந்த வரிசை வீடு. சாவி வாங்கினப்போ ரெண்டு தரம் கீழே போட்டேன். நீ சந்தோஷத்துலன்னு நினைச்சே."

"வந்த அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எட்டு மணிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீ ஏழரைக்கே ஆரம்பிச்சுட்டே."

ஜன்னலக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஸ்கேல் சார் பதறிப்போனார்.

"அவனைக் கட்டிக்கிட்டவ என்ன பாடு படுறாளோன்னு," என்று ஜன்னலக்கா மூச்சுத் திணறினார், "எத்தனை நாள் அந்தப் பொம்பளைக்காக உருகியிருக்கேன். கடைசியில எனக்கு நானே உருகியிருக்கேன்."

சிரிப்புதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்கேல் சாருக்கும் வந்தது, அவருடையது சிரிப்பு இல்லை.

"ஏங்க," என்றார் ஜன்னலக்கா கொஞ்சம் அடங்கியபின். "இவ்வளவு வருஷம் மறைச்சீங்க. இன்னைக்கு அந்தம்மா கேட்டப்போ ஏதாவது பெரிசாச் சொல்லியிருந்தா, நானே நம்பியிருப்பேனே. ஏன் சொல்லலை?"

"நீ நன்றி சொன்னியே. திட்டு வாங்கினா வாங்கிட்டுப் போறேன். பொய்க்கு உன்கிட்ட நன்றி வாங்க முடியலை."

ஜன்னலக்கா இடையில் விட்டிருந்த அந்த ஒரு ஆள் இடத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

---

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிரஸ்ஸிலிருந்து மூன்றாவது முறையாகப் போன் வந்தது. "முப்பத்தொன்னாம் பக்கம் மட்டும் பாக்கி," என்று மகள் சொல்லிவிட்டு, மடிக்கணினியோடு அடுப்படிக்கு வந்தாள். ஜன்னலக்கா ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

"அம்மா, என்ன போடட்டும்? தொலைநோக்குன்னா பொய். தவறுன்னு மட்டும் போட்டா இந்த வரிசையையே பார்த்து ஊர் சிரிக்கும்."

ஜன்னலக்கா அதிகம் யோசிக்கவில்லை.

"அவர் தாளைப் புரட்டலை. அது தப்பு. முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தப்புக்குள்ள நின்னு, இந்தத் தெருவை நாங்க இருபத்திரண்டு பேர் நடத்தினோம். அது தப்பில்லை. ரெண்டையும் எழுது. ஒண்ணை மறைச்சுட்டு இன்னொண்ணை மட்டும் போட்டா, அதுதான் புரட்டு."

மகள் தட்டச்சு செய்தாள். எந்தத் திருத்தமும் இல்லாமல் அவள் ஏற்றுக்கொண்ட முதல் பத்தி அதுவாகத்தான் இருக்கும். அப்பாவின் வரைபடத்தையும் பக்கத்திலேயே பொருத்தினாள்.

"இந்த மூலையில 'சரிபார்த்தவர்'னு இன்னொரு கட்டம் இருக்கே. அந்தக் கிறுக்கல் யாருதுப்பா?"

"அது என் வாயால வராதும்மா. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"தங்கச்சி," என்று ஜன்னலில் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

மூன்று பேரும் திரும்பினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் மைக் சார். பெட்டியும் இல்லை, மைக்கும் இல்லை. அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

"சார் இருக்காரா? அந்தப் பழைய படம் மலர்ல வருதா?" என்றார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "மூலையோடவா வருது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்து இளம் எஞ்சினியர் ஒருவர் சரிபார்க்காமல் போட்ட கையெழுத்தை மறைக்கத்தான், பின்னாளில் ஒரு மேதையும் ஒரு தொலைநோக்கும் தேவைப்பட்டிருக்கின்றன.

"ஜன்னல்ல நின்னு பேசுற விஷயமா அது," என்றார் ஜன்னலக்கா. "உள்ளே வாங்கண்ணே."

"சுத்தித்தான் வரணுமா?"

"படத்துல அப்படித்தான் இருக்கு."

மைக் சார் தெருமுனையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். பதினொரு வீடு தாண்டித் திரும்பி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, மறுபடி பதினொரு வீடு.

"அவர் வந்து சேர நாலு நிமிஷம் ஆகும்," என்றார் ஜன்னலக்கா. "அதுக்குள்ள அனுப்பணும்."

"மூலையோடவா, மூலையை வெட்டிட்டா?" என்று மகள் கேட்டாள்.

ஜன்னலக்கா கணவர் பக்கம் திரும்பினார். "வாக்குக் கொடுத்தது நீங்க. நீங்களே சொல்லுங்க."

பின்சந்தில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஸ்கேல் சார் மடிக்கணினியின் முன் குனிந்து, நாற்பது வருஷத்துக்கு முன்னால் அருகருகே விழுந்த இரண்டு கையெழுத்துகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

(தொடரும்)